ஸர் ராபர்ட் காட்டன்

நாடாண்ட மன்னரும் படை நடத்திய தலைவரும் வரலாற்றில் இடம் பெறுதல் இயல்பே. அவர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் நாம் அறிதற்குக் கருவியாயுள்ள பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்துக் காத்தவர் பெயரோ பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. வேர் மண்ணுள் மறைந்திருத்தலால் கிளையையும் கனியையும் மட்டும் புகழ்ந்து செல்வாரைப் போல, நாமும் வரலாற்று நூல்களைப் படித்து மகிழ்ந்து, அவற்றிற்கு வேராயுள்ள சுவடிகளை நினையாது விடுகின்றோம்.

அங்ஙனம் மறக்கத் தகாதவருள் ஒருவர், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில நாட்டில் வாழ்ந்த ஸர் ராபர்ட் காட்டன் என்பார். அரண்மனைச் சூழ்ச்சிகள் மலிந்திருந்த காலம் அது. அச்சூழ்ச்சிகளைப் பற்றிய கடிதங்களையும் அரசாங்க ஆவணங்களையும் தம் இல்லத்தில் தொகுத்து வைத்த இப்பெரியார், இருமுறை தாமே சூழ்ச்சி வலையில் அகப்பட்டார். முதன்முறை அகப்பட்டது, தம் அறிவை ஒரு பிரபுவின் தனி நலத்திற்குப் பயன்படுத்தியமையால். இரண்டாம் முறை அகப்பட்டது, தம் ஏடுகளைப் பலரும் காணத் திறந்து வைத்தமையால். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை கல்வி பயிலும் நம்மனோர் ஊன்றி நோக்கத் தக்கது.

பிறப்பும் கல்வியும்

காட்டன் 1571-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் நாள் ஹண்டிங்டன் வட்டாரத்தைச் சார்ந்த டெண்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் அண்மையிலுள்ள கானிங்டன் என்னும் ஊரில் நிலவுடைமை மிக்கவர். இளமையில் இவர் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அங்கு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர், ஆங்கில நாட்டின் தொன்மையை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த வில்லியம் காம்டன் என்னும் புலவர். ஆசிரியர் உள்ளத்தில் எரிந்த விளக்கே மாணவர் உள்ளத்திலும் சுடரேற்றிற்று எனலாம். பின்னர்க் காட்டன் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து இயேசு கல்லூரியிற் பயின்று 1585-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

லண்டன் நகருக்கு வந்தபின், பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அறிஞர் குழு ஒன்றில் இவர் உறுப்பினரானார். சட்டம் வல்லாரும் ஆவணக் காப்பாளரும் நிறைந்த அக்குழுவினர், பட்டங்களின் தோற்றம், நீதிமன்றங்களின் பழமை, பார்லிமெண்டின் உரிமை முதலியவற்றைப் பழைய ஏடுகளைக் கொண்டு ஆராய்ந்து வந்தனர். செவிவழிச் செய்தியை ஒதுக்கி, எழுத்துச் சான்று ஒன்றையே துணையாகக் கொள்ளும் பழக்கம் காட்டனுக்கு அங்கே உறுதிப்பட்டது. 1600-ஆம் ஆண்டையொட்டித் தம் ஆசிரியர் காம்டனுடன் வடதிசை சென்று, ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலைக் கண்டு, எழுத்துப் பொறித்த கற்கள் பலவற்றைக் கானிங்டனுக்குக் கொணர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வழிநடந்து கல்லெழுத்துப் படித்த அக்காட்சி நினைக்குந்தோறும் இன்பம் பயப்பதாம்.

சுவடி தேடிய வரலாறு

காட்டன் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன், 1536-ஆம் ஆண்டு முதல் 1540-ஆம் ஆண்டு வரை, எட்டாம் ஹென்றி மன்னர் தம் நாட்டிலுள்ள துறவியர் மடங்களை ஒருங்கே கலைத்தார். மடங்களின் நிலமும் பொன்னும் அரசர்க்கும் அவரைச் சார்ந்தார்க்கும் சென்றன. நூற்றாண்டுகளாகத் துறவியர் தோலில் எழுதிச் சேர்த்து வைத்த நூல்களோ கேட்பாரற்றுச் சிதறின. மளிகை வணிகர் அவற்றின் ஏடுகளைக் கிழித்துச் சரக்குப் பொதிந்தனர்; பணியாளர் விளக்குத் தண்டுகளையும் காலணிகளையும் துடைத்தனர். கறையானுக்கும் வெள்ளத்திற்கும் இரையாகி நம் நாட்டு ஓலைச்சுவடிகள் அழிந்த கதையைக் கேட்டு வருந்தியவர்க்கு இத்துயரம் விளக்கவேண்டுவதன்று.

அழிவில் எஞ்சியவற்றைத் தேடுதலே காட்டன் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். பதினெட்டு வயதளவிலேயே தொடங்கிய அவ்வேட்கை இறுதிவரை தணியவில்லை. விலை கொடுத்து வாங்கினார். நண்பரிடம் பரிசாகப் பெற்றார். தம்மிடம் இருந்ததைத் தந்து பிறரிடம் இருந்ததை மாற்றிக்கொண்டார். இரவல் பெற்றவற்றைத் திருப்பாது வைத்துக்கொண்டதும் உண்டு. அரசாங்க ஏடுகளின் காப்பாளராயிருந்த ஆர்தர் அகார்டு என்பார் 1615-ஆம் ஆண்டில் இறக்குங்கால் தம் சுவடிகள் பலவற்றைக் காட்டனுக்கே விட்டுச் சென்றார். அரசர்க்குரிய ஆவணங்கள் ஒரு தனி மனிதர் கையிற் சேர்கின்றனவே என்று மற்றொரு காப்பாளராகிய தாமஸ் வில்ஸன் முறையிட்டதிலும் நியாயம் உண்டு. பழஞ்சுவடிகளைப் பிரித்து, வேறு வேறு நூல்களின் பகுதிகளை ஒன்றாகக் கட்டும் வழக்கமும் காட்டனிடம் இருந்தது. இக்குறைகளை மறைத்தல் வரலாறு எழுதுவார்க்கு அழகன்று.

அரண்மனைக் கடிதங்கள் தனியார் இல்லத்தை அடைந்தது எங்ஙனம் என்று வினவலாம். அக்காலத்து அமைச்சர் தாம் பெற்ற கடிதங்களைத் தம் உடைமையாகவே கருதித் தம் மனையில் வைத்துக்கொண்டனர். அவர் இறந்தபின் அவை மக்களையும் எழுத்தரையும் அடைந்தன. அவர்தம் கையினின்றும் விலைக்கு வந்தன. எட்டாம் ஹென்றியின் அமைச்சராயிருந்த உல்ஸியும் தாமஸ் கிராம்வெல்லும் எழுதியவையும் பெற்றவையுமான கடிதங்கள் பல இங்ஙனமே காட்டனைச் சேர்ந்தன. ஸ்காட்லாந்து நாட்டு அரசியாயிருந்து, ஆங்கில நாட்டிற் சிறைப்பட்டு, எலிஸபெத்து அரசியைக் கொல்லச் சூழ்ந்தார் என்ற குற்றத்திற்காக 1587-ஆம் ஆண்டில் தலை துணிக்கப்பட்ட மேரியைப் பற்றிய கடிதங்களும் அவரிடம் மிகுதியாக இருந்தன. காம்டன் எலிஸபெத்து அரசியின் வரலாற்றை எழுதியபொழுது அக்கடிதங்கள் பெருந்துணை புரிந்தன. அவ்வரலாற்றின் முதற்பகுதி 1615-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் ஊட்டிய கல்விக்கு மாணவர் செலுத்திய கைம்மாறு அது.

எலிஸபெத்து அரசியின் இறுதிக் காலத்தில், நாட்டிற்கென ஒரு பொது நூல்நிலையமும் கலைக்கழகமும் நிறுவ வேண்டும் என்று காட்டனும் அவர் நண்பர் இருவரும் விண்ணப்பம் செய்தனர். அரசி 1603-ஆம் ஆண்டில் இறந்தார். விண்ணப்பம் பயனின்றிக் கழிந்தது. அரசு செய்யாததைத் தாம் ஒருவராகவே செய்ய முற்பட்டவர் போலக் காட்டன் தம் தொகுதியைப் பெருக்கி வந்தார்.

சீஸர்களின் காவல்

ஸ்காட்லாந்து மன்னராகிய ஜேம்ஸ் 1603-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு அரியணையும் ஏறினார். காட்டன் தம் மரபு ஸ்காட்லாந்து வீரமன்னராகிய ராபர்ட் புரூஸின் மரபோடு தொடர்புடையது என்று காட்டிப் புரூஸ் என்னும் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. அரசரின் பொருள் முட்டுப்பாட்டை நீக்கும் வழிகளைப் பழைய ஏடுகளில் ஆராய்ந்து கூறும் பணி அவரை நாடி வந்தது. 1611-ஆம் ஆண்டில் 1,095 பவுன் செலுத்துவார்க்குப் பாரனெட்டு என்னும் புதிய பட்டம் அளிக்கும் முறை ஏற்பட்டபொழுது, அதற்குரிய ஆராய்ச்சியில் இவருக்கும் பங்கு இருந்தது. அவ்வாண்டிலேயே தாமும் அப்பட்டம் பெற்றார்.

1622-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில், பிரபுக்கள் சபைக்கும் பொதுமக்கள் சபைக்கும் இடையேயிருந்த மனையொன்றில் குடிபுகுந்தார். அங்கே அமைந்தது அவருடைய புகழ்பெற்ற நூல்நிலையம். அதில் பதினான்கு பேழைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் உருவச்சிலை. ஜூலியஸ் முதல் டொமிஷியன் வரையுள்ள சீஸர் பன்னிருவரும், கிளியோபாத்திரா, பாஸ்டினா என்னும் அரசியர் இருவரும் ஆகப் பதினால்வர் அச்சுவடிகளுக்குக் காவலராயினர். இன்றும் அவை நீரோ, வைட்டெலியஸ், கலிகுலா என்று அப்பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன.

அங்கிருந்த செல்வங்களுட் சிலவற்றை மட்டும் ஈண்டுக் கூறுதல் அமையும். ஆங்கில மொழியின் பழங்காப்பியமாகிய பேயோஉல்ப் உலகில் ஒரே ஒரு கையெழுத்துச் சுவடியாகவே எஞ்சியது. அது வைட்டெலியஸின் பேழையில் இருந்தது. ஏறத்தாழ கி. பி. 700-ஆம் ஆண்டையொட்டி லிண்டிஸ்பார்ன் தீவின் துறவியர் வண்ண ஓவியங்களோடு எழுதிய சுவிசேஷச் சுவடி நீரோவின் பேழையில் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு அதன் லத்தீன் வரிகளினிடையே பழைய ஆங்கிலத்திற் பொருள் எழுதினார். ஆங்கில மொழியில் இன்று எஞ்சியுள்ள சுவிசேஷ மொழிபெயர்ப்புகளுள் மிகத் தொன்மையானது அதுவே. ஜான் மன்னர் 1215-ஆம் ஆண்டில் அளித்த மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்தின் மூலப்படிகள் இன்று நான்கே உள்ளன. அவற்றுள் இரண்டு காட்டனின் தொகுதியைச் சேர்ந்தவை.

முதற்சூழ்ச்சி

இனி, காட்டன் வாழ்வில் இருள் படிந்த பகுதியைக் கூறுவோம். ஜேம்ஸ் மன்னரின் பேரன்பிற்குரியவராய் ராபர்ட் கார் என்னும் இளைஞர் உயர்ந்து வந்தார். அவருக்கு அறிவுத் துணையாயிருந்தவர் ஸர் தாமஸ் ஓவர்பரி. எஸ்ஸெக்ஸ் பிரபுவின் மனைவியாகிய பிரான்ஸெஸ் ஹோவர்டு, அம்மண உறவை விலக்கிக் காரை மணக்க விரும்பினார். ஓவர்பரி அதனை வன்மையாக எதிர்த்தார். அயல்நாட்டுத் தூதராகச் செல்லுமாறு அரசர் பணித்ததை மறுத்தார் என்ற காரணங்காட்டி, 1613-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓவர்பரியை லண்டன் கோபுரச் சிறையில் இட்டனர். செப்டம்பர் 15-ஆம் நாள் அவர் சிறையிலேயே உயிர் துறந்தார். சில நாட்களில் பிரான்ஸெஸின் பழைய மணம் செல்லாதென முடிவாயிற்று. சாமர்ஸெட்டுப் பிரபுவாக உயர்த்தப்பட்ட கார், அவ்வாண்டு இறுதியில் அவரை மணந்தார்.

ஈராண்டு கழிந்தது. 1615-ஆம் ஆண்டில், ஓவர்பரி நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்னும் செய்தி வெளிப்பட்டது. தலைமை நீதிபதி எட்வர்டு கோக் விசாரணையை மேற்கொண்டார். சிறைத் தலைவர் உள்ளிட்ட நால்வர் அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டனர். சாமர்ஸெட்டும் அவர் மனைவியும் சிறைப்பட்டனர்.

இவ்விடத்திலேதான் காட்டன் வழுவினார். அவர் சாமர்ஸெட்டுப் பிரபுவின் நண்பர். பிரபு தமக்கு முழு மன்னிப்பு வழங்கும் ஆணையொன்றை முன்கூட்டியே அரசரிடம் பெற முயன்றபொழுது, அதற்கு முன்மாதிரியைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் காட்டனே. லார்டு சான்ஸலர் அதற்கு முத்திரையிட மறுத்தார். அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஓவர்பரி சிறையிலிருந்தபொழுது எழுந்த கடிதங்கள் சில சாமர்ஸெட்டிடம் இருந்தன. அவற்றில் நாள் குறிக்கப்படவில்லை. தம் வழக்கிற்கு உதவுமாறு அவற்றில் நாள் குறித்துத் தருமாறு பிரபு வேண்டினார். காட்டன் அவ்வாறே குறித்தார்.

நாள் ஒன்றை எழுதுதல் கண்டார்க்குச் சிறு செயலாகத் தோன்றும். எனினும் சுவடி ஆராய்வார்க்கு நாளே உயிர். இன்னது முன்னது, இன்னது பின்னது என்று தெரியாவிடின் காரணம் எது காரியம் எது என்று காணவியலாது. பிறருடைய ஏடுகளில் ஆண்டைப் பிழையறக் கண்டு சொல்லும் வல்லமையாற் புகழ்பெற்ற ஒருவர், அவ்வல்லமையையே ஓர் உயிர்க்கொலையின் உண்மையை மறைப்பதற்கு ஈடாக வைத்தார். ஸ்பெயின் நாட்டு இளவரசியை ஆங்கில இளவரசர்க்கு மணஞ்செய்விக்கும் திட்டத்தில், சாமர்ஸெட்டின் சார்பில் அந்நாட்டுத் தூதரோடு மறைவாகப் பேசினார் என்ற குற்றமும் சேர்ந்தது. அவர் சிறைப்பட்டார், வினாவப்பட்டபொழுது நாள் குறித்தமையை ஒப்புக்கொண்டார். சில மாதங்கள் காவலில் இருந்தபின், முறையான விசாரணையின்றியே 1616-ஆம் ஆண்டில் விடுதலையும் மன்னிப்பும் பெற்றார். சாமர்ஸெட்டும் மனைவியும் மரண தண்டனை பெற்றும் அரசர் அருளால் உயிர் பிழைத்து, 1622-ஆம் ஆண்டு வரை சிறையிலிருந்தனர்.

திறந்த கதவு

விடுதலைக்குப் பின் காட்டன் அரண்மனை வாயிலினின்றும் சிறிது சிறிதாக விலகினார். அவருடைய இல்லமோ அறிஞர்க்கெல்லாம் பொது மன்றமாயிற்று. முன்னரே, கோபுரச் சிறையிலிருந்து உலக வரலாறு எழுதிய ஸர் வால்டர் ராலி அவரிடம் நூல்களை வேண்டினார். ஜான் ஸ்பீடு தம் நாட்டு வரலாற்றை அவர் சுவடிகளைக் கொண்டு நிரப்பினார். ஏழாம் ஹென்றியின் வரலாற்றை எழுதிய பிரான்ஸிஸ் பேக்கனும், சட்டப் பேரறிஞராகிய ஜான் ஸெல்டனும், அயர்லாந்தின் ஜேம்ஸ் அஷர் பேராயரும் அந்நூல்நிலையத்தின் உதவி பெற்றவரே. அஷர் தமக்குக் கிடைத்த சமாரியரின் ஐந்தாகமச் சுவடியைக் காட்டனுக்கு அளித்தார். இரவலாகச் சென்ற நூல்களில் மீளாதவையும் பல. அதனை எண்ணிக் கதவை அடைத்தாரல்லர்.

முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் அரசர்க்கும் பார்லிமெண்டிற்கும் பகைமை முதிர்ந்தது. 1626-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் முடிசூட்டு விழா. மன்னர் படகில் வந்து காட்டனின் தோட்டத்துப் படித்துறையில் இறங்குவார் என்று ஏற்பாடாயிருந்தது. காட்டன் படிகளில் கம்பளம் விரித்து, ஆத்தெல்ஸ்டன் மன்னர்க்குரியதாயிருந்த பழைய சுவிசேஷச் சுவடியைக் கையிலேந்தி நின்றார். பண்டை அரசர் அதன்மேல் உறுதிமொழி கூறினர் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. மன்னரின் படகு அத்துறையில் நில்லாது அப்பாற் சென்றது. எல்லோர் முன்னிலையிலும் நேர்ந்த அவ்வவமதிப்பு, அரசர் உள்ளம் எத்திசையில் இருந்தது என்பதைக் காட்டிற்று.

அவ்வெறுப்பிற்குக் காரணம் இல்லாமலில்லை. அரசர் தம் விருப்பப்படி வரி விதிக்கலாமா, காரணங் காட்டாது ஒருவரைச் சிறையிலிடலாமா என்னும் கேள்விகள் அப்பொழுது எழுந்தன. அவற்றிற்கு விடை கூறப் பார்லிமெண்டு உறுப்பினர் பழைய சாசனங்களைத் தேடினர். அச்சாசனங்கள் இருந்ததோ இரு சபைகட்கும் இடையேயிருந்த காட்டன் மனையில். ஒருகாலத்தில் காட்டனையே விசாரித்த எட்வர்டு கோக்கும், ஸெல்டனும், பிறரும் 1628-ஆம் ஆண்டின் உரிமை விண்ணப்பத்திற்காக வாதாடியபொழுது, அவர் ஏடுகள் அவர்கட்குப் படைக்கலமாயின. காட்டனும் அவ்வாண்டில் பார்லிமெண்டு உறுப்பினரே. வாளும் வேலும் எடுக்காத ஒருவரின் மனை, அரசரின் கண்ணுக்கு ஆயுதசாலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1629-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மன்னர் பார்லிமெண்டைக் கலைத்தார். பதினோராண்டு அது மீண்டும் கூடவில்லை.

பூட்டிய கதவு

அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் இடர் வந்தது. பார்லிமெண்டின் வாயை அடைத்து, கோட்டைகளில் படை நிறுத்தி, புதுவரிகளால் கருவூலத்தை நிரப்பி ஆளுவது எப்படி என்று அரசர்க்கு அறிவுரை கூறும் சிறு நூலொன்று கையெழுத்துப் படிகளாகப் பலரிடையே பரவிற்று. அஃது அரசாங்கத்தின் உள்ளக் கருத்தே என்று மக்கள் நம்புமாறு பகைவர் எழுதிப் பரப்பினர் என அமைச்சர் ஐயுற்றனர். அதன் மூலப்படி காட்டனின் நூல்நிலையத்தினின்றும் சென்றது என்று தெரிந்தது. அங்கே நூற்பணி பார்த்த ரிச்சர்டு ஜேம்ஸ் என்பார் பொருள் பெற்று அதனை இரவல் தந்தார் என்று கூறுவர். காட்டனும், பெட்போர்டு, கிளேர் முதலிய பிரபுக்களும் காவலில் வைக்கப்பட்டனர். பழைய சாமர்ஸெட்டுப் பிரபுவும் அவருள் ஒருவர்! நூல்நிலையம் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டது.

விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. அந்நூலை இயற்றியவர் ஸர் ராபர்ட் டட்லி. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த அவர், ஜேம்ஸ் மன்னரின் தயவை மீண்டும் பெற விரும்பி, பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே அதனை எழுதியனுப்பினார். சார்லஸ் மன்னரின் பகைவர் அதனைப் புனைந்திலர். தாளில் நாள் இன்மையாற் பழையதொன்று புதியதாகத் தோன்றிற்று. முன்னொரு கால் பொய்யாக நாள் குறித்தமையால் இடர்ப்பட்டவர், இப்பொழுது உண்மையான நாள் பிறர்க்குத் தெரியாமையால் இடர்ப்பட்டார். ஊழின் கணக்கு விந்தையானது!

வழக்கு ஸ்டார் சேம்பர் என்னும் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டது. 1630-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் அரசர்க்கு ஆண்மகவு பிறந்தது. அம்மகிழ்ச்சியை முன்னிட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டவரை மன்னர் மன்னித்தார். மனிதர்க்கு விடுதலை கிடைத்தது, சுவடிகட்குக் கிடைக்கவில்லை. நூல்நிலையம் பூட்டியபடியே இருந்தது. அரசாங்க எழுத்தர் ஒருவர் உடனிருந்தாலன்றி, தேடிச் சேர்த்தவர் தாமே தம் அறையுள் நுழைதல் இயலாதாயிற்று. ஜேம்ஸ் மன்னரின் காலத்தில் சிறை சென்றபொழுது உடலுக்கு மட்டும் சிறை. இப்பொழுது உயிருக்கே சிறை.

காற்றோட்டமின்றி நூல்கள் கெடுகின்றன என்று காட்டனும் அவர் மகன் தாமஸும் முறையிட்டனர். செவிசாய்ப்பார் இல்லை. செந்நிறம் பொலிந்த அவர் முகம் சில திங்களிற் கருகியது என்று கண்டோர் எழுதி வைத்தனர். நூல்நிலையத்தைப் பிரிந்தமையே தம் நோய்க்குக் காரணம் என்று அவர் அரசரின் ஆலோசனைச் சபையார்க்குச் சொல்லியனுப்பினார். 1631-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், அறுபதாம் வயதில், கதவு திறக்கக் காணாமலே கண் மூடினார். அவர் உடல் கானிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

சுவடிகளின் பின்வரலாறு

பின்னர் நூல்நிலையம் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-ஆம் ஆண்டில் சார்லஸ் மன்னரே தலை துணிக்கப்பட்டார். ஆயினும் சுவடிகள் பிழைத்தன. காட்டனின் பேரராகிய ஸர் ஜான் காட்டன் அவற்றை நாட்டிற்கே அளிக்க இசைந்தார். 1701-ஆம் ஆண்டில் அதற்குரிய சட்டம் நிறைவேறியது. எலிஸபெத்து அரசியிடம் செய்த விண்ணப்பம் நூறாண்டு கழித்து இங்ஙனம் பலித்தது எனலாம்.

இன்னும் ஒரு சோதனை இருந்தது. 1731-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் இரவில், சுவடிகள் வைக்கப்பட்டிருந்த ஆஷ்பர்னம் இல்லத்தில் தீப்பற்றியது. சாளரங்கள் வழியே நூல்களை எடுத்து வீசினர். அருகிருந்த அரசர் நூல்நிலையத்தைச் சார்ந்த, அலெக்ஸாந்திரியச் சுவடி என்னும் பழைய கிரேக்க வேதாகமப் பிரதியை டாக்டர் பெண்ட்லி கையில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார் என்பர். காட்டன் தொகுதியில் இருந்த 958 சுவடிகளுள் 114 அழிந்தன அல்லது பயனற்றுப்போயின, 98 பழுதுபட்டன. ஓவியம் நிறைந்த கிரேக்க ஆதியாகமம் கருகித் துண்டுகளாயிற்று. பேயோஉல்ப் சுவடியின் ஓரங்கள் தீய்ந்து, எழுத்துகள் உதிரத் தொடங்கின. மாக்னா கார்ட்டாப் படிகளுள் ஒன்றும் பழுதுற்றது. லிண்டிஸ்பார்ன் சுவிசேஷம் ஊறின்றித் தப்பியது.

1753-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மியூஸியம் நிறுவப்பட்டபொழுது இத்தொகுதி அதன் அடிப்படைச் செல்வங்களுள் ஒன்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸர் பிரடெரிக் மேடன் என்னும் காப்பாளர், தீயால் சுருங்கிய ஏடுகளை எடுத்து விரித்து, தாளிற் பொருத்திப் பாதுகாக்கச் செய்தார். 1973-ஆம் ஆண்டு முதல் இவை பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் உள்ளன. கண்ணுக்குத் தோன்றாத எழுத்தையும் வேறு வேறு நிற ஒளியிற் படமெடுத்துப் படிக்கும் முறைகள் இன்று வந்துள்ளன. கருகிய ஏடும் இங்ஙனம் பேசுகின்றது.

முடிவுரை

காட்டன் குறையற்றவர் அல்லர். இரவல் பெற்றதைத் திருப்பாது வைத்தார். பிரபுவின் பொருட்டுப் பொய்ந்நாள் குறித்தார். ஆயினும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. ஏடு அதிகாரம் படைத்தவரின் தனிக் கருவியாகுமிடத்து, சூழ்ச்சிக்குத் துணைபோகும்; பலரும் வந்து படித்து ஒப்புநோக்கும்படி திறந்து கிடக்குமிடத்து, சூழ்ச்சியை வெளிப்படுத்தும். சாமர்ஸெட்டிற்காக எழுதிய நாள்கள், பிறர் விசாரித்தமையாற் பொய்யென்று புலப்பட்டன. டட்லியின் நூல் யார் எழுதியது என்பதும் ஆராய்ந்தமையால் விளங்கிற்று. உண்மையைக் காத்தது பூட்டு அன்று, ஆராய்ச்சியே.

காட்டனைப் பூட்டி வைத்த அமைச்சர்களின் செயல்களை நாம் அறிவதும் எஞ்சிய ஏடுகளாலன்றோ? நூல்நிலையத்தின் படியேறிச் செல்லும் மாணவ நண்பர்காள்! அங்கே அடுக்கியிருக்கும் நூல்கள் நம் கைக்கு எளிதில் எட்டுகின்றன. அவை எட்டுமாறு செய்தற்கு ஒருவர் தம் செல்வத்தைச் செலவிட்டார். இறுதியில் தம் உயிரையும் இழந்தார். அதனை நினைந்து, எடுத்த நூலைக் கருத்தோடு படித்து, கண்டதைக் கண்டவாறே எழுதி, பிறர்க்கும் பயன்படுமாறு உரிய இடத்தில் வைத்துச் செல்வது நாம் அவர்க்குச் செலுத்தும் கடப்பாடாகும்.